மெத்தைக்கும் போர்வைக்கும் உகந்த பஞ்சு

புதுச்சேரி நகரத்திற்கும் பருத்திக்கும் உள்ள தொடர்பு மிகப் பழைமையானது. 1674-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வர்த்தகக் கம்பெனியார் இங்கு நிலைகொண்டது பெரும்பாலும் சோழமண்டலக் கரையின் துணிகளை நாடியேயாகும். பிற்காலத்தில் நீலம் தோய்த்த ‘கினே’த் துணி இத்துறையிலிருந்து கப்பலேறி, ஆப்பிரிக்காவிலுள்ள செனெகால் நாட்டில் பிசினுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டு, ஏறக்குறைய நாணயம் போலவே செலாவணியாயிற்று. 1828-இல் தோன்றிய சவானா மில்லும், 1898-இல் தோன்றி ‘ரோடியர் மில்’ என்று மக்களால் வழங்கப்பட்ட ஆங்கிலோ-பிரெஞ்சு மில்லும் பல தலைமுறையினருக்குச் சோறளித்தன. அவ்விரண்டும் 2020-ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டன.

இவ்வரலாற்றின் பயனாக, இப்பகுதியில் பருத்தியை மதிப்பிடுகிறவர் யாவரும் நூற்போனுடைய கண் கொண்டே அதனைப் பார்க்கப் பழகினர். இழை நீளமாயிருந்தால் உயர்வு, நயமாயிருந்தால் மேலும் உயர்வு, குட்டையும் முரடுமாயிருந்தால் தாழ்வு என்பது அவர்தம் துணிபு. நூலுக்கு இஃது ஒக்கும். ஆனால் மெத்தைக்கு ஒவ்வாது. மெத்தையினுள் இடும் பஞ்சுக்கு வேண்டிய குணங்கள் நூற்பஞ்சுக்கு வேண்டியவற்றிற்கு ஏறக்குறைய நேர் எதிரானவை. இதனை அறியாமையால் இரு திறத்தார் நஷ்டமடைகின்றனர். கலியாணச் சீருக்கென்று மிகுந்த பொருள் செலவிட்டு மெத்தை வாங்கும் குடும்பத்தார், ஓராண்டு கழியுமுன் அது நடுவில் பள்ளம் விழுந்து ஓரங்களில் உருண்டை கட்டுவதைக் காண்கின்றனர். நாட்டுப் பருத்தி விளைவிக்கும் குடியானவரோ, அதனைக் கம்போடியா வழிவந்த பருத்தியோடு கலந்து விற்று, இரண்டிற்கும் உரிய விலையை இழக்கின்றனர்.

இழையின் இயல்பு

பருத்தி இழை என்பது விதையின் தோலிலிருந்து வளரும் ஒரே நுண்ணறை. காய் வெடித்து உலரும்பொழுது இக்குழல் தட்டையாகிக் கயிறு போல் முறுக்கிக்கொள்ளுகிறது. குழலின் சுவர் கனமாயிருந்தால் இழை விறைப்பாயிருக்கும். அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும். சுவர் மெல்லியதாயின் இழை பட்டுப்போல் மிருதுவாயிருக்கும். ஆயின் அழுத்தத்தினால் வளைந்து, அடுத்த இழைகளோடு பின்னிக்கொண்டு, மீளாது கிடந்துவிடும். மெத்தை மீது ஒருவர் இரவெல்லாம் படுத்திருக்கும் பாரம் சிறிதன்று. அப்பாரத்தைத் தாங்கிக் காலையில் மீண்டும் எழும்பும் சக்தி முரட்டு இழைக்கே உண்டு.

நம் நாட்டின் பூர்வீகப் பருத்தி இனங்களான கருங்கண்ணி, உப்பம் முதலியவை இத்தகைய கனத்த இழையுடையவை. அவற்றின் நீளம் பொதுவாக 16 முதல் 22 மில்லிமீட்டர் வரை இருக்கும். இழையின் கனத்தை அளக்கும் ‘மைக்ரோனேர்’ எண் இவ்வினங்களில் பெரும்பாலும் 5.5-க்கு மேற்பட்டு, சில முரட்டு ரகங்களில் 7-ஐயும் எட்டும். கோயமுத்தூரில் தோற்றுவிக்கப்பட்ட சுவின் என்னும் உயர்ந்த ரகத்திற்கோ அவ்வெண் ஏறக்குறைய 3. நீளம் 37 மில்லிமீட்டருக்கும் மேல். மெல்லிய சேலை நெய்யச் சுவினுக்கு ஈடில்லை. ஆனால் அதனை மெத்தையில் அடைப்பது, பாசுமதி அரிசியைப் பசைகாய்ச்சப் போடுவதை ஒக்கும்; செலவும் மிகுதி, காரியமும் நன்றாயிராது.

இடர் என்னவெனில், நாட்டு இனங்கள் இன்று அருகிவிட்டன. 1947-ஆம் ஆண்டில் இந்தியாவின் பருத்திப் பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு நாட்டு இனங்களே பயிராயின. பிற்காலத்தில் அமெரிக்க இனமும் அதன் கலப்பு ரகங்களும் பெருகி, 2002-இல் காய்ப்புழுவை எதிர்க்கும் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பின், நாட்டுப் பருத்தி மிகச் சில பகுதிகளில் மட்டும் எஞ்சியது. தென்பாண்டிக் கரிசல் நிலத்தில், தூத்துக்குடி, விருதுநகர் ஜில்லாக்களில், கருங்கண்ணி இன்னும் பயிராவது மெத்தைக்காரர்களுக்கு ஆறுதல்.

ஜப்பானியர் கண்ட உண்மை

இவ்விஷயத்தில் ஜப்பானியரின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அந்நாட்டார் பெரும்பாலும் கட்டிலின்றித் தரைமேல் ‘பூத்தோன்’ எனப்படும் பஞ்சு மெத்தையை விரித்துப் படுப்பது தொன்றுதொட்ட வழக்கம். காலையில் அதனை மடித்து அலமாரியில் வைத்துவிடுவர். ஆகையால் பஞ்சின் எழும்பும் சக்தியை அவர்கள் நாள்தோறும் சோதித்தறிகின்றனர். கீழே விரிக்கும் பூத்தோனுக்கு இந்தியாவின் குட்டை இழைப் பருத்தியையே அவர்கள் சிறந்ததாகக் கொள்ளுகின்றனர். மேலே போர்த்தும் பூத்தோனுக்கோ, உடலோடு படிந்து கிடக்கவேண்டியிருப்பதால், மெக்ஸிகோ முதலிய நாடுகளின் நீண்ட மெல்லிழைப் பஞ்சை விரும்புகின்றனர். அடியில் கிடப்பதற்கு முரடு, மேலே கிடப்பதற்கு மென்மை என்னும் இப்பாகுபாடு மிகவும் பொருத்தமானது. நம்மவரும் இதனைக் கைக்கொள்ளலாம். நாம் தாழ்ந்ததென்று ஒதுக்கும் பஞ்சைக் கடல் கடந்து வாங்குவோர் உயர்ந்ததென்று போற்றுவது வியப்பேயாயினும், அதில் அறிவுக்குப் பொருந்தாதது ஒன்றுமில்லை.

கடையில் வாங்குங்கால்

மெத்தைப் பஞ்சு என்ற பெயரால் கடைகளில் விற்பது ஒரே சரக்கன்று. கொட்டை நீக்கிய புதுப் பஞ்சு ஒன்று. நூற்பாலையில் சீவும் யந்திரத்திலிருந்து விழும் கழிவுப் பஞ்சு மற்றொன்று. இது பார்வைக்கு வெண்மையாய் இருப்பினும், மிகக் குட்டையான இழைகளின் தொகுதியாதலின் விரைவில் தூளாகும். யந்திரத்தின் அடியில் விழும் தூசிக் கழிவு இதனினும் தாழ்ந்தது. அதில் இலைத்துகளும் விதையோடும் நிறைந்திருக்கும். பின்னலாடைக் கத்திரிப்புகளையும் பழந்துணிகளையும் கிழித்து உண்டாக்கிய சரக்கு கடைசி. அதனைப் பஞ்சு என்பதே பொருந்தாது. இவற்றுள் எது வேண்டுமானாலும் அதற்குரிய விலைக்கு வாங்குவதில் தவறில்லை. புதுப் பஞ்சின் விலை கொடுத்துக் கழிவை வாங்குவதே தவறு.

இவற்றைப் பிரித்தறியப் பரிசோதனைச் சாலை வேண்டுவதில்லை. ஒரு பிடி பஞ்சை உள்ளங்கையில் இறுக்கி, இருபது எண்ணும் வரை வைத்திருந்து கையை விரித்தால், நல்ல மெத்தைப் பஞ்சு சோம்பல் முறிப்பது போல மெல்ல எழும்பி, முன்னிருந்த பருமனை ஏறக்குறைய அடையும். கழிவுப் பஞ்சு பிடித்த பிடியிலேயே உருண்டையாய்க் கிடக்கும். சிறிது பஞ்சை இரு கைகளின் பெருவிரல்களுக்கும் சுட்டுவிரல்களுக்கும் இடையே பிடித்து இழுத்து, நீங்கிய இழைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பலமுறை அவ்வாறே இழுத்தால், இழைகள் ஒழுங்குபட்டு நீளம் கண்ணுக்குப் புலனாகும். பாதிக்கு மேல் விரலிலேயே தூளாய் நின்றுவிட்டால் அது கழிவென்று தெளியலாம். கறுப்புத் துணியின் மேல் ஒரு பிடியை உதறினால் எவ்வளவு தூசி, மணல், சுண்ணாம்புத்தூள் விழுகிறதென்பது தெரியும். பஞ்சு எடைக்கு விற்கப்படுவதால், தூசியும் ஈரமும் பஞ்சின் விலைக்கே விற்கப்படுகின்றன என்பதை மறக்கலாகாது.

செயற்கை இழை கலந்திருப்பதாக ஐயம் தோன்றினால் ஒரு திரியைக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலை விடும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறியபின் கறுத்த கெட்டி மணியாய் நிற்கும். இதனைக் கடைக்குள் செய்யாது, பஞ்சுக் குவியலுக்கு வெகு தொலைவில் செய்வது அவசியம்.

தைத்த மெத்தையை வாங்குவோர் இச்சோதனைகளைச் செய்ய இயலாது. ஆகையால், ஒரு சாண் அளவு தையலைப் பிரித்துக் காட்டும்படி கேட்கவேண்டும். நேர்மையான வியாபாரி இதற்கு முகம் சுளிப்பதில்லை. பிரித்துக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காது வருவதே மேல். மேற்பரப்பில் ஒரு விரற்கனம் நல்ல பஞ்சையும் நடுவில் கிழிசற் பஞ்சையும் இட்டுத் தைப்பதும் உண்டாதலால், கையை உள்ளே ஆழ விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்ப்பது நன்று.

மருந்துக் கடையில் விற்கும் பஞ்சைத் தூய்மையானதென்று எண்ணிச் சிலர் குழந்தைகளின் சிறு மெத்தைக்கு வாங்குகின்றனர். அது காரமிட்டுக் காய்ச்சி, இழையின் மேலுள்ள இயற்கை மெழுகை நீக்கியது. புண்ணின் நீரை உறிஞ்சுவதற்காகவே அவ்வாறு செய்யப்படுவது. மெத்தையில் இட்டால் வியர்வையையும் கடற்காற்றின் ஈரத்தையும் அவ்வாறே உறிஞ்சிப் படிந்துபோகும்.

சொந்த நிலத்துப் பருத்தி

பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு கொம்யூன்களிலோ, அடுத்துள்ள கடலூர், விழுப்புரம் ஜில்லாக்களிலோ சிறிதளவேனும் பருத்தி பயிரிடுவோர், வீட்டு மெத்தைக்குரிய பஞ்சைக் கடையில் வாங்க வேண்டுவதில்லை. கணக்கு எளியது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், நாலங்குலக் கனமுள்ள மெத்தைக்குப் பதின்மூன்று அல்லது பதினான்கு கிலோ பஞ்சு பிடிக்கும். கொட்டைப் பருத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே பஞ்சு. ஆகவே நாற்பது கிலோ கொட்டைப் பருத்தி இருந்தால் ஒரு மெத்தை ஆயிற்று. மிச்சமாகும் இருபத்தைந்து கிலோ விதை கறவை மாட்டிற்கு ஆகும்.

இந்த நாற்பது கிலோவை எந்த எடுப்பிலிருந்து ஒதுக்குவது என்பதே கேள்வி. முதல் எடுப்பும் இரண்டாம் எடுப்பும் இழை நன்கு முதிர்ந்தவை. மில்லுக்கு அவற்றால் நல்ல விலை. கடைசி எடுப்பை மில்லுக்காரர் குறைந்த விலைக்கே கேட்பர். அதனை மெத்தைக்கு வைத்துக்கொள்வது ஆதாயமே; ஆனால் அதில் ஒரு பாகுபாடு வேண்டும். சிவப்பு நாவாய்ப்பூச்சியினால் சற்று மஞ்சள் கறை ஏறிய பஞ்சு, உலர்ந்து உறுதியாயிருந்தால், மெத்தையினுள் இருப்பதில் குற்றமில்லை; கறையைக் காண்பவர் யார்? மழையில் நனைந்து புழுங்கிய பஞ்சும், கையில் எடுத்தால் பூஞ்சண வாடை வீசும் பஞ்சும், முதிராத காய் பிளந்து எடுத்த பஞ்சும் கூடவே கூடா. முதிராத இழைக்கு விறைப்பில்லை. பூஞ்சணம் பிடித்ததோ படுப்பவரின் மூச்சுக்குக் கேடு.

பனி உலர்ந்தபின் பறிப்பதும், சருகு ஒட்டாது சுளையை மட்டும் எடுப்பதும் மில்லுக்கு எவ்வளவு அவசியமோ அவ்வளவு மெத்தைக்கும் அவசியம். பறித்ததைச் சணற்சாக்கிலோ பிளாஸ்டிக் சாக்கிலோ அடைக்காது பருத்தித் துணியிலேயே கட்டவேண்டும். சாக்கு நார் பஞ்சில் கலந்தால் எவ்வளவு கொட்டினாலும் பிரிவதில்லை.

நாட்டு ரகமும் அமெரிக்கக் கலப்பு ரகமும் அருகருகே பயிரிட்டிருப்பவர் அவற்றைத் தனித்தனியே பறித்துத் தனித்தனியே வைக்கவேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கலந்த சரக்கில் குட்டை இழை இருப்பதால் மில்லுக்காரர் விலையைக் குறைப்பர். நீண்ட இழை இருப்பதால் மெத்தைக்காரர் முகம் திருப்புவர். தனியே வைத்த கருங்கண்ணிப் பஞ்சை மெத்தைக்காரருக்கு நேரே விற்பவர், தம் சரக்கின் பெயரைச் சொல்லி விலை பேச இயலும்.

கொட்டை நீக்கலும் கொட்டுதலும்

கொட்டைப் பருத்தியை நல்ல வெயிலில் ஒரு நாள் உலர்த்தி, கயிற்றுக் கட்டிலின் மேல் பரப்பி மெல்லிய கோலால் தட்டினால், மண்ணும் சருகும் கட்டிலின் கண்கள் வழியே கீழே விழும். பின்னர்க் கொட்டை நீக்கவேண்டும. பழைய கைம்மணை உள்ள வீடுகளில் முதியோர் ஓய்வு நேரத்தில் இதனைச் செய்துவிடலாம். மில்லில் அரைப்பதாயின் உருளை யந்திரத்தில் அரைப்பதே நலம். வாள் யந்திரம் இழையை அறுக்கும். நொறுங்கிய விதை பஞ்சில் தங்கலாகாது. அதன் எண்ணெய் துணியில் கறையாய்ப் படிவதோடு எலியையும் மெத்தைக்கு வரவழைக்கும்.

அடுத்தது கொட்டுதல். வீட்டு வாயிலில் அமர்ந்து, பெரிய வில்லின் நரம்பு நாணை மரக்கட்டையால் தட்டித் தட்டிப் பஞ்சைப் புகை போல் பறக்கவிடும் பஞ்சுகொட்டியின் காட்சியும் ஓசையும் நடுவயதினர்க்கு நினைவிருக்கும். இப்போது அது மிகவும் அரிது. வில்லின் சிறப்பு யாதெனில், நாணின் அதிர்வு இழைகளை அறுக்காமல் ஒன்றினின்று ஒன்றாக விலக்குகிறது. இழைகளுக்கிடையே காற்றுப் புகுகிறது. கனமான தூசி தானே கீழே விழுகிறது. முள் உருளை பொருத்திய யந்திரம் பத்து மடங்கு விரைவாக வேலை செய்யினும், அளவுக்கு மிஞ்சி ஓட்டினால் இழையை அறுத்து முடிச்சுகளை உண்டாக்கும். ஒரு முறை ஓட்டிப் பார்த்து, கட்டிகள் நீங்கியிருந்தால் அத்துடன் நிறுத்தச் சொல்வது வாங்குவோர் கடமை. இன்னும் வெண்மையாகட்டும் என்று மூன்றாம் முறையும் ஓட்டச் சொல்வோர் தம் பஞ்சையே கெடுத்துக்கொள்ளுகின்றனர். யந்திரத்தில் இடுமுன் கல், ஆணி முதலியவற்றைப் பொறுக்கிவிடவேண்டும். உருளையில் பட்டுத் தெறிக்கும் ஒரு பொறி கொட்டகை முழுவதையும் எரிக்கப் போதும்.

கொட்டும் வேலை செய்வோரின் உடல்நலத்தைக் குறித்தும் கிராம அதிகாரிகள் கருதவேண்டியது ஒன்றுண்டு. பருத்தித் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்க்கு மார்பு இறுக்கமும் இருமலும் கூடிய ‘பிஸினோசிஸ்’ என்னும் நோய் உண்டாகிறது. ஓய்வு நாள் கழித்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் அந்த இறுக்கம் மிகுதியாயிருப்பது அதன் அடையாளம். காற்றோட்டமுள்ள திறந்த கொட்டகையில் வேலை செய்வதும், மூக்கையும் வாயையும் நெருக்கமான கவசத்தால் மூடிக்கொள்வதும், குழந்தைகளை அருகில் விடாமையும் இன்றியமையாதன. கூலி கொடுத்துக் கொட்டச் செய்பவர் வேலைக்காரருக்குக் கவசம் வாங்கித் தருவது பெருஞ்செலவன்று.

மெத்தை தைத்தல்

மெத்தை உறைக்கு நெருக்கமாக நெய்த கனத்த துணியே ஏற்றது. தளர்ந்த நெசவின் வழியே பஞ்சு முளைத்து வெளிவரும். துணியை ஓரிரவு நீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகே வெட்டவேண்டும். இல்லையேல் பின்னர்ச் சுருங்கி மெத்தையைக் கோணலாக்கும். பஞ்சு நிரம்பியதும் துணி மேலெழும்புவதால், நீளத்திலும் அகலத்திலும் மூன்று நான்கு அங்குலம் கூட்டி வெட்டுவது வழக்கம்.

பஞ்சைக் கைப்பிடி கைப்பிடியாகத் திணிப்பதே பெரும்பாலான மெத்தைகள் உருண்டை கட்டுவதற்குக் காரணம். கொட்டிய பஞ்சை மெல்லிய தகடுகளாகப் பிரித்து, ஒரு தகடு நீளவாக்கிலும் அடுத்தது அகலவாக்கிலுமாக அடுக்கவேண்டும். நடுவில் இரண்டொரு தகடு மிகுதியாக இடுவது நன்று. இடுப்பின் பாரம் விழுமிடம் அதுவே. உறையை உட்புறம் வெளியாகத் திருப்பித் தரையில் விரித்து, அதன்மேல் அடுக்கிய பஞ்சைத் துணியோடு சேர்த்துப் பாய் சுருட்டுவது போல் சுருட்டி, வாய்வழியே புரட்டி எடுத்தால், அடுக்குக் குலையாமல் பஞ்சு உறைக்குள் அமைந்துவிடும். முதன்முறை காண்பவர்க்கு இது மாயம்போல் தோன்றும். இரண்டு பேர் சேர்ந்து செய்தால் சிரமமில்லை.

வாயைத் தைத்தபின், நீண்ட ஊசியால் எட்டு அல்லது ஒன்பது அங்குல இடைவெளி விட்டு, மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் உறுதியான பருத்திக் கயிற்றை இழுத்து முடியவேண்டும். முடிச்சின் கீழ்ச் சிறு துணிவட்டம் வைத்தால் உறை கிழியாது. நான்கு ஓரங்களையும் சுருட்டித் தைத்தால் மெத்தை உருவம் மாறாது. கூலி குறைய வேண்டுமென்று இம்முடிச்சுகளைக் குறைப்பவர் மறு ஆண்டே மீண்டும் கூலி கொடுக்க நேரும்.

தலையணைக்கு ஒரு கிலோ பஞ்சு போதும். அதற்கு நாட்டுப் பஞ்சினும் இலவம்பஞ்சு ஏற்றதென்று கருதுவோர் பலர், அக்கருத்தில் நியாயமுண்டு. இலவிழை உள்ளீடற்ற குழலாய்க் காற்று நிரம்பியது. மேலே மெழுகு பூசினாற்போன்றிருப்பதால் நீரை ஏற்பதில்லை. முற்காலத்தில் கப்பலோட்டிகளின் மிதவைச் சட்டைகளில் அதனை அடைத்ததும் இதனாலேயே. ஈரக் காற்று மிகுந்த நம் கரையோரத்திற்கு அஃதொரு பெரிய குணம். எடையிலும் பருத்தியைவிட மிகக் குறைவாகவே பிடிக்கும். ஆயினும் இவ்விழை எளிதில் ஒடிவது. வில்லாலும் யந்திரத்தாலும் கொட்டலாகாது. கோலால் மெல்லக் கலக்கினாலே விதை தனியே உதிர்ந்துவிடும். முழு மெத்தைக்கு இதனை இட்டால் சில ஆண்டுகளில் தூளாகிப் படியும். தேனி ஜில்லாவில் போடிநாயக்கனூர் வட்டாரம் இலவம்பஞ்சு வியாபாரத்திற்குப் பெயர் பெற்றது. வரப்போரங்களில் நாலைந்து இலவ மரம் வளர்ப்பவர், பழமொழியிலுள்ள கிளியைப் போலன்றி, பங்குனி சித்திரையில் காய் வெடிக்குமுன் பறித்து உலர்த்தினால் வீட்டுத் தலையணைகளுக்குக் குறைவிராது.

பஞ்சுப் போர்வை

பஞ்சுப் போர்வை நம் பக்கத்தில் மிகுதியாக வழங்குவதில்லை; மார்கழியிலும் இங்கு அத்தனை குளிரில்லை. ஆயினும் உதகை, கொடைக்கானல் முதலிய மலையூர்களுக்கு இதனைத் தைத்து அனுப்புவோர்க்குச் சில வார்த்தைகள் உபயோகப்படும். போர்வையில் வெப்பத்தைக் காப்பது பஞ்சன்று. பஞ்சினிடையே அசையாது நிற்கும் காற்றேயாம். ஆதலால் எடையைக் கூட்டுவதால் மட்டும் வெப்பம் கூடாது. ஜெயப்பூர் நகரத்தார் கால் கிலோ பஞ்சைக் கொண்டே பெயர்பெற்ற ரஜாய் தைக்கின்றனர். அவர்தம் திறமை முழுவதும், பஞ்சை மிக நுண்ணிதாகக் கொட்டி எங்கும் ஒரே கனமாகப் பரப்புவதிலும், நெருக்கமாகத் தைப்பதிலும் இருக்கிறது. நம் கரையோரத்திற்கு ஏழடிக்கு ஐந்தடிப் போர்வையில் ஒரு கிலோ பஞ்சு தாராளம். மலையூர்களுக்கு இரண்டரைக் கிலோ வரை இடலாம்.

முன்னர்க் கூறியபடி இதற்கு மென்மையான இழையே வேண்டும். அமெரிக்கக் கலப்பு ரகங்களின் பஞ்சு, மெத்தைக்கு ஒவ்வாதாயினும், போர்வைக்கு நன்கு ஒவ்வும். பரப்பிய பஞ்சின் இருபுறமும் மெல்லிய மல் துணி ஒன்று வைத்து, அதற்கு மேலே வெளித்துணியை இட்டால், இழை வெளியே வருவதில்லை. தையல் வரிகளின் இடைவெளி மூன்று அங்குலத்திற்கு மேற்படலாகாது. மேற்பட்டால், உதறும்பொழுதெல்லாம் பஞ்சு ஒரு மூலையில் போய்ச் சேரும். நடுவிலிருந்து ஓரங்களை நோக்கித் தைத்துச் செல்லவேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணி நடுவில் சுருக்கம் விழும். பஞ்சுப் போர்வையை நீரில் தோய்த்து அலசக்கூடாது. கழற்றி வெளுக்கத்தக்க மேலுறை ஒன்று போடுவதே தக்க வழி.

ஈரமும் வெயிலும்

கடற்கரையூர்களில் மெத்தையின் முதற் பகை ஈரம். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தைத் தானே ஈர்ப்பது; சாதாரண நிலையிலேயே நூறு பங்கு உலர்ந்த பஞ்சில் எட்டரைப் பங்கு ஈரம் தங்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இது மேலும் ஏறும். அக்காலத்தில் சிமெண்டுத் தரைமேல் மெத்தையை நேரே விரிப்பது, பஞ்சை அடிப்புறமிருந்து அழுகவிடுவதாகும். கட்டிலில் பலகை அடித்தவர் பலகைகளுக்கிடையே ஒரு விரல் இடைவெளி விடுவது நன்று. பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சணம் பிடிக்கும்.

மழைக்காலம் கழிந்ததும் தையிலும், மீண்டும் பங்குனியிலும், மெத்தையை இரு புறமும் ஒவ்வொரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, மாலையில் கோலால் தட்டி, சூடு ஆறியபின் உள்ளே எடுக்கவேண்டும். மூட்டைப்பூச்சி பஞ்சைத் தின்பதன்று. தையலோரங்களிலும் முடிச்சுகளின் கீழும் ஒளிந்திருப்பது. ஆகையால் காயவைக்கும் நாளில் அவ்விடங்களைக் கடினத் துடைப்பத்தால் தேய்த்து, விழும் பூச்சிகளையும் முட்டைகளையும் கொதிநீரில் இட்டுக் கொன்றுவிடவேண்டும். கட்டிலின் சந்துகளை விட்டுவிட்டு மெத்தையை மட்டும் காயவைப்பதால் பயனில்லை.

நல்ல நாட்டுப் பஞ்சு இட்ட மெத்தையை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரித்து, பஞ்சை உலர்த்திக் கொட்டி, சிறிது புதுப் பஞ்சு சேர்த்துத் தைத்தால், அஃது ஒரு தலைமுறைக்கு உழைக்கும். கழிவுப் பஞ்சு மெத்தையைப் பிரித்தாலோ தூளே மிகும். மீண்டும் கொட்டுவதற்கு அதில் இழை இராது. இதற்குச் சித்திரை மாதமே ஏற்றது. வெயிலும் உண்டு, வயல் வேலையும் குறைவு.

மெத்தைக்கென்று வீட்டில் ஒதுக்கிய கொட்டைப் பருத்தியை அடுத்த விதைப்புக் காலம் வரை அரைக்காமல் வைத்திருக்கலாகாது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு இரண்டு விதைகளைப் பிணைத்து அவற்றினுள்ளே மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, புதுப் பயிர் பூக்கும் தருணத்தில் அந்துப்பூச்சியாய் வெளிவரும். ஆகையால் பறித்த பருவத்திலேயே கொட்டை நீக்கி, விதையை மாட்டிற்கு ஆட்டி வைத்துத் தீர்த்துவிட்டு, அரவையில் விழுந்த தூசியையும் சொத்தை விதையையும் எரித்துவிடும்படி கிராம அதிகாரிகள் தத்தம் ஊராருக்குத் தை மாதத்திலேயே தெரிவித்தல் வேண்டும்.